தபித்தாள் கேட்ட யோசனை

ஓவேலி
9 ஜூன் 2025

அன்புள்ள வாசு,

உன் இருமல் விட்டதா? இங்கே மழை தொடங்கியதும் எஸ்டேட்டே சேர்ந்து இருமுகிறது. மற்றபடி சுகம் என்று எழுதத்தான் ஆசை, முடியவில்லை.

போனில் சொல்லலாம் என்றால் மழைக்கு டவர் நிற்பதில்லை. ஆஸ்பத்திரி போனில் பேசினால் எஸ்டேட் ஆபீசுக்கே கேட்கும். அதனால்தான் இந்தக் காகிதம்.

போன மாதம் தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கிற பெண்கள் மூன்று பேரை என் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்டாயிக்கு வாயில் நுரை, கண் சொருகிவிட்டது. ஜீப் பிடித்துக் கூடலூருக்கு அனுப்பினேன். பிழைத்துவிட்டாள், ஆனால் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இன்னும் கை நடுங்குகிறது. அடுத்த வாரம் லேபர் ஆபீசர் வந்தார். மேனேஜர் பாலகுமார் பக்கத்தில் நிற்கும்போதே, "சிஸ்டர், இவங்களுக்குக் கையுறை, முகமூடி ஏதாச்சும் குடுக்கறாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க சிஸ்டர், நம்ம ஊட்டு விஷயத்தை வெளியாள்கிட்டச் சொல்லலாமுங்களா? நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா மரியாதையா இருக்குமுங்க."

பெரிய பெரிய கம்பெனிகளே உன்னிடம் வேலைச் சட்டம் கேட்டுத்தான் நடக்கின்றன. எனக்கும் ஒரு யோசனை சொல். வீட்டுக்காரர் ஜாபேசுக்கும் முதுகுவலி வந்ததிலிருந்து வேலை இல்லை. இது போனால் குவார்ட்டர்சும் போய்விடும்.

உன் தபி


சென்னை
14 ஜூன் 2025

என் தபி,

ராஜினாமா எழுதாதே. எழுதினால் நீயாகப் போனதாக ஆகிவிடும். எந்தக் காகிதம் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே.

லேபர் ஆபீசரிடம் உண்மை சொன்னதற்காக உன்னை நீக்கினால் கோர்ட்டில் நிற்காது. அது அவர்களுக்கும் தெரியும். அதனால் வேறு குற்றம் தேடுவார்கள். அப்படி ஏதாவது இருக்கிறதா? லீவு, மருந்து ஸ்டாக், யாரோடாவது சண்டை, எதுவானாலும் என்னிடம் மறைக்காதே. முன்பே தெரிந்தால்தான் நான் ஏதாவது செய்ய முடியும்.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. சீனியர் ராஜரத்தினம் சார் புதிதாக ஒரு தேயிலைக் கம்பெனியைப் பிடித்திருக்கிறார், அந்த வேலை முழுக்க என் தலையில். உன் மகள் எல்சா எப்படி இருக்கிறாள்? ஊட்டிக் குளிர் அவளுக்குப் பழகிவிட்டதா?

வாசு


ஓவேலி
20 ஜூன் 2025

அன்புள்ள வாசு,

ஒன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச்சில் ஒரு நாள் ஊட்டிப் பள்ளி ஹாஸ்டலிலிருந்து வார்டன் என் செல்போனில் கூப்பிட்டார். எல்சா தனக்குத்தானே ஏதோ விபரீதமாகச் செய்துகொண்டாள் வாசு. நல்லவேளை, சீக்கிரம் பார்த்துவிட்டார்கள். நான் டியூட்டியில் இருந்தேன். லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். தலைவலி, குவார்ட்டர்சில் படுக்கிறேன் என்று ஆயா செல்வியிடம் சொல்லிவிட்டு ஊட்டி பஸ் ஏறிவிட்டேன். அன்று ஆஸ்பத்திரிக்கு யாரும் வராதது கடவுள் செயல்.

இப்போது எல்சா தேறிவிட்டாள், டாக்டரிடமும் காட்டுகிறேன். ஜாபேசிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தாங்கமாட்டார். உன்னிடம் சொன்னதில் மனசு கொஞ்சம் லேசானது.

தபி


ஓவேலி
18 ஜூலை 2025

வாசுகிக்கு,

நீ பதில் போடவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். அதில் கையுறையும் இல்லை, முகமூடியும் இல்லை. மார்ச் மாதம் அனுமதியில்லாமல் பணியை விட்டு ஊட்டிக்குப் போனது மட்டும் இருக்கிறது. செல்வியைக் கேட்டேன். "சத்தியமா எனக்குத் தெரியாது சிஸ்டர், நீங்க ஊட்டுல படுத்திருக்கீங்கன்னுதான் நெனச்சேன்" என்று அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை.

நேற்று விசாரணை. ஜாபேஸ் துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. "எதுக்குங்க சிஸ்டர் ஊட்டிக்குப் போனீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் ஜாபேஸ், "யாரைப் பார்க்கப் போனே தபித்தா?" என்று மெதுவாகக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அந்தக் குரலில் கேட்டதில்லை.

உன் சீனியர் பிடித்த தேயிலைக் கம்பெனி எது?

தபித்தாள்


சென்னை
25 ஜூலை 2025

தபி,

உங்கள் கம்பெனிதான். உன் முதல் கடிதத்தைப் பிரித்தபோதே எனக்குத் தெரியும். நான் எதிர்ப்பக்கம் இருக்கிறேன், வேறு வக்கீலைப் பார் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நல்லவளாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மீட்டிங்கில் சார், "அந்த நர்ஸ் மேல வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது தபி, வாய் முந்திக்கொண்டது. "குட், வாசுகி" என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செய்ததைவிட அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான் உடம்பு கூசுகிறது. எல்சாவைப் பற்றிச் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவே பெரிய தயவு மாதிரி.

இதோடு நான் கையெழுத்திட்ட வாக்குமூலம் இருக்கிறது. கம்பெனி எங்களிடம் சொன்னது எதுவும் அதில் இல்லை. நீ என்னை நம்பி யோசனை கேட்டதும், நீ சொன்னதை நான் அவர்களிடம் கொடுத்ததும் மட்டும்தான். எல்சாவின் பெயர் இல்லை. லேபர் ஆபீசில் கொடு. எனக்கு என்ன ஆகும் என்று பார்க்காதே.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை. இன்னும் விடவில்லை. நாளைக்கும் அதே மேசைக்குத்தான் போகிறேன்.

என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

வாசுகி


ஓவேலி
11 ஆகஸ்ட் 2025

வாசுகிக்கு,

கூடலூரில் தொழிற்சங்கத்து வக்கீல் இந்துவிடம் உன் வாக்குமூலத்தைக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். "இதைக் குடுத்தா உங்க வேலை போகாதுங்க சிஸ்டர். ஆனா அந்தம்மா வக்கீல் வேலையே போனாலும் போயிருமுங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். கொடுத்துவிட்டேன்.

உன்னைப் பழிவாங்க இல்லை. ஆண்டாயி கை நடுங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். நான் வெளியே போய்விட்டால் அடுத்து வருகிற சிஸ்டர் "இல்லீங்க" என்று சொல்ல மாட்டாள்.

எல்சா விஷயத்தை ஜாபேசிடம் சொல்லிவிட்டேன். என்னைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து அழுதார். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஊட்டிக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இனிமேல் கூடலூரில் படிக்கட்டும் என்கிறார். இருவரும் கேரம் ஆடுகிற சத்தம் இதோ கேட்கிறது. உன்னால் ஒரு நல்லது நடந்தது என்று நினைத்துவிடாதே. அவரிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பது என் கையில் இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டாய்.

கோபத்தைப் பற்றி எழுதியிருந்தாய். விசாரணை அன்று இருந்தது. இப்போது வேறு ஒன்று. ராத்திரி சமைக்கும்போது ஏதாவது வேடிக்கையாக நடந்தால், இதை வாசுவுக்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. உடனே நினைவு வந்துவிடுகிறது.

"வாசுகி ஆன்ட்டி இந்த வருஷம் வரலியா?" என்று எல்சா கேட்டாள். வேலை அதிகமாம் என்றேன்.

இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே. வந்தால் பிரித்துப் படித்துவிடுவேன்.

தபித்தாள்