மல்லிகா எழுதிய பசு

12-9-1979, புதன்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்து, அவரவர் கட்டுரையைப் பற்றிப் பேசினேன். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பசுவைத்தான் எல்லோரும் அப்படியே எழுதியிருந்தார்கள். மல்லிகா மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். 'எங்கள் பசு மலையைப் பார்த்துத்தான் படுக்கும். கன்று செத்த பிறகு சுவரைப் பார்த்துப் படுக்கிறது.'

பத்து வயதுப் பெண் இதை எழுதுவாளா? அவள் அண்ணன் காலேஜில் படிக்கிறான். அவன் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"உங்கண்ணன் எழுதிக் குடுத்தானா?"

"இல்ல டீச்சர், நானேதான் எழுதினேன்."

"பொய் சொல்லாத. இங்கயே, என் எதிர்ல ஏதாவது எழுது, பாக்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதுதான் பிரித்தேன்.

'எங்கள் டீச்சர் முன்பு எங்களைப் பார்த்து உட்காருவார். காய்ச்சல் லீவு முடிந்து வந்ததிலிருந்து சுவரைப் பார்த்து உட்காருகிறார்.'

இவளுக்கு யார் சொன்னது? கரு கலைந்ததைப் பள்ளியில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. லீவு லெட்டரில் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். ஆஸ்பத்திரி ஆயா யாரிடமாவது உளறியிருப்பாளோ? அந்த அண்ணன் காதில் விழுந்திருக்குமோ?

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொய் எழுதியவள் நான்தான்.

நாளை நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவது என்று தெரியவில்லை.