ஐந்தரை மணிக்கு மைதானம்

9 அக்டோபர் 2000, திங்கள்

இன்று முதல் கேஸ் ஏஜென்சியில் புகார் கவுண்டர் என் பொறுப்பு. பள்ளியில் பெற்றோருக்கெல்லாம் கொடுத்துப் பழகிய கை. வந்தவர்களுக்கெல்லாம் வீட்டு ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். முதலாளி ரங்கநாதன் சார் மகிழ்ந்துபோய் அதைக் கரும்பலகையிலேயே எழுதிவிட்டார்.

வீட்டில் வேறு செய்தி. என் கணவர் பெர்னார்டுக்குச் சர்க்கரை கண்ணைப் பாதித்துவிட்டதாம். இனி ஸ்கூட்டர் ஓட்டக் கூடாதாம்.

"கிறிஸ்மஸுக்குள்ள நீ கத்துக்கோ, ஆஞ்சலா. இல்லன்னா வித்துடறேன். சும்மா நிக்கறதைப் பாக்க முடியல."

தினமும் மாலை ஐந்தரைக்கு, சர்ச் மைதானத்தில். ஓய்வு பெற்ற டீச்சருக்கு ஸ்கூட்டர்!

13 அக்டோபர்

கிளம்பும்போது கஸ்டமர் ஃபோன். மைதானம் போகவில்லை.

20 அக்டோபர்

முதன்முதலாக 8 எழுதும் குழந்தை நடுவில் நின்றுவிடும், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல். நானும் அப்படித்தான் காலை ஊன்றிவிட்டேன். லைசென்ஸுக்கு எட்டு போட்டாக வேண்டுமே.

"கீழ பாக்காதே. போற இடத்தைப் பாரு!" பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் இவர்.

3 நவம்பர்

கிளம்பும்போது வாசலில் பக்கத்துத் தெரு ஓஸ்வால்ட். "டீச்சர், வீட்டுக்கு கெஸ்ட் வந்திருக்காங்க. ஒரே ஒரு சிலிண்டர். நீங்க வந்து சொன்னா போதும்."

"நீங்க முன்னாடி போங்க, இதோ வந்துடறேன்" என்று இவரை அனுப்பிவிட்டு ஏஜென்சிக்குப் போனேன். திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. தெருமுனையில் இவர் தனியாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிரே நின்ற என்னை அடையாளம் தெரியவில்லை. குரல் கொடுத்த பிறகுதான் நின்றார்.

"வாங்கறதுக்கு ஆள் பாத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணட்டும்? வர்றவங்களும் பாவம்தானே? — அப்ப இவரு?

4 நவம்பர், சனி

பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. பள்ளியில் மணி அடித்தால் பாதிக் கணக்கைப் பலகையிலேயே விட்டுவிட்டு வருவேன். எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. மறுநாள் வந்து மீதியைப் போட்டார்கள். அங்கே தெரிந்தது இங்கே ஏன் தெரியவில்லை?

ஏஜென்சிக்குப் போனதும் ஈரத்துணியால் என் நம்பரைத் துடைத்தேன்.

"என்ன டீச்சர் இது? கஸ்டமர்லாம் எங்க போவாங்க? ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார் சார்.

"கேஸ் லீக்குன்னா மெக்கானிக் பச்சைமுத்து இருக்கார் சார். மத்ததுக்கு அஞ்சு மணி வரைக்கும் நான் இருக்கேன். அதுக்கு மேல எங்க வீட்டுக்காரருக்கு இருக்கேன்."

சார் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

6 நவம்பர்

வேலை போகவில்லை. நம்பரும் பலகைக்குத் திரும்பவில்லை.

ஐந்தரைக்கு மைதானத்தில் முதலில் நின்றது நான். இவர் ஹெல்மெட்டை நீட்டினார். "வாங்கறவன்கிட்ட கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன்."

1 டிசம்பர்

கிளம்பும் நேரத்தில் ஃபோன். இவரே எடுத்தார். "டீச்சர் காலைல கவுண்டர்ல இருப்பாங்க. அங்க வந்து கேளுங்க." வகுப்பை அதட்டும் என் குரல் அப்படியே! சிரிப்பை அடக்கமுடியவில்லை.

18 டிசம்பர்

எட்டு போட்டுவிட்டேன்! கால் தரையில் படவே இல்லை. "ஆயித்தம்மா, ஹோகி" என்று கன்னடத்தில் சொன்னார் இன்ஸ்பெக்டர். முடிந்ததாம், போகலாமாம். எனக்குத்தான் அங்கிருந்து போக மனமில்லை. இன்னொரு எட்டு போடலாமா என்று கேட்கத் தோன்றியது.

வாங்க இருந்தவருக்கு இவர் ஃபோன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

24 டிசம்பர், ஞாயிறு

இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். தெருமுனையில் ஓஸ்வால்ட். போன வாரம் காலையில் கவுண்டருக்கே வந்து பதிந்துவிட்டுப் போனவர்.

"சிலிண்டர் வந்துருச்சு டீச்சர்! கிறிஸ்மஸ் பலகாரம், கல்கல் சுட்டாச்சு!" என்று கத்திக்கொண்டே பெரிதாகக் கையாட்டினார்.

"கொஞ்சம் எங்களுக்கும் எடுத்து வைங்க!" பின்னாலிருந்து இவரும் ஆட்டினார்.

நான் ஆட்டவில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில். போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.