இரண்டாகக் கிழித்த புத்தகம்

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

பிரியம் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் சங்கத்தின் ஆண்டு மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "கூடப் படிச்சவரு, தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தவரு, உங்களை விட்டா வேற யாரு?" என்றார் செயலாளர். தங்கமான மனிதர் என்று மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் உன் மகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மீனா வந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் ஜாவா சான்றிதழ்த் தேர்வில் தேறினால்தான் அந்த வேலை நிலைக்குமாம். "நீங்க சொல்லித் தருவீங்களா மாமா?" என்றாள். கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தேன். நம்முடைய புத்தகம். உன் பாதி.

"அப்பா அலமாரியில இருந்துது. பாதிதான் இருக்கு. மறுபாதி எங்க போச்சுன்னு அம்மாவுக்கும் தெரியல."

"எங்கிட்ட இருக்கு" என்றேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நின்றுவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் முகம் வாடிப் போனதற்கும் சேர்த்து நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உனக்கு நினைவிருக்கும். மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். தம்பானூரில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் நாம் இருவரும் கோபோல், சி என்ற கணினி மொழிகளைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கணினியெல்லாம் நின்றுவிடும் என்ற பரபரப்பு அடங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் ஜாவா, ஜாவா என்று வந்தார்கள். சான்றிதழ் வாங்குகிறவர்தான் ஜாவா வகுப்பு எடுக்கலாம், மற்றவர் நெடுமங்காடு கிளைக்குப் போய் டைப்பிங்கும் வேர்டும் சொல்லிக்கொடுக்கலாம் என்றார் மானேஜர். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர், மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்தோம்.

ஆயிரம் பக்கப் புத்தகம். எடுக்கிற வகுப்புகளுக்கு நடுவில் முழுதும் படித்துத் தீராது. முதுகில் பிளேடு வைத்து நடுவில் கீறி இரண்டாக்கியவன் நீ. "முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை நான் படிச்சதை நீ கேளு, நீ படிச்சதை நான் கேக்கேன். என்ன மச்சான், செரிதானே?" சரி என்றேன். உன் பாதியை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீ சொன்னால் போதாதா எனக்கு?

பின்பாதியில்தான் த்ரெட் வந்தது. ஒரே நிரலுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுகிற விஷயம். ஓர் அறை, ஒரு சாவி என்று வைத்துக்கொள் என்றாய். உள்ளே இருக்கிறவன் 'வெயிட்' என்று நின்றால் சாவியைக் கையிலேயே வைத்திருப்பான், 'ஸ்லீப்' என்று தூங்கினால் விட்டுக்கொடுப்பான் என்றாய். உண்மை அதற்கு நேர் எதிர். நீ தலைகீழாகச் சொன்னதை நான் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தேர்வு எனக்கு இரண்டு நாள் முன்னால் உனக்கு வந்தது. நீ தேறினாய். ஓடி வந்து கட்டிக்கொண்டேன். பொய்யான சந்தோஷம் இல்லை அது. த்ரெட்டில் என்ன மாதிரிக் கேட்டான் என்றேன்.

"சொல்லப்பிடாது மச்சான். கேள்விய வெளிய சொல்ல மாட்டேன்னு முதல் ஸ்கிரீன்லயே சம்மதம் கேட்டான். க்ளிக் பண்ணியாச்சு, கேட்டியா."

"போலே, பெரிய அரிச்சந்திரன்! ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லட்டும். எனக்கு மனசு வரல."

உள்ளுக்குள் உன்னை மெச்சினேன். என்ன மடையன் நான்!

இரண்டே கேள்வியில் போயிற்று எனக்கு. பகுதி பகுதியாக மதிப்பெண் அச்சிட்ட தாளைக் கொடுத்த பெண், "சாரமில்லா சாறே, இனியும் எழுதாமல்லோ" என்று மலையாளத்தில், பரவாயில்லை சார், இன்னொரு தடவை எழுதலாமே என்று தேற்றினாள். த்ரெட் பகுதிதான் என்னைக் கவிழ்த்திருந்தது. எனக்குப் புத்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நெடுமங்காடு பஸ்ஸில் எத்தனையோ நாள் அதையே நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். நீ கழக்கூட்டம் போனாய், கார் வாங்கினாய். தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்தால், "மச்சானுக்கு எழுத்துப் பரீட்சைன்னா கொஞ்சம் பயம்" என்று என் தங்கச்சி கல்யாணியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் இட்லியைப் பார்த்தபடி இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, வேறு புத்தகம் வாங்கி முழுதும் நானே படித்து, யாரிடமும் சொல்லாமல் எழுதித் தேறினேன். அப்போதுதான் தெரிந்தது, நீ சொன்னது தலைகீழ் என்று. உனக்கும் தெரியாமல்தான் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் உன் வீட்டு வாசலை மிதித்துக்கொண்டிருந்தேன். உன் பாடைக்குத் தோள் கொடுத்ததும் அதனால்தான்.

இப்போது உன் பாதி என் மேசையில் கிடக்கிறது. த்ரெட் அத்தியாயம். அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலில், உன் கோணல் கையெழுத்தில்: 'மச்சானிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன். திருத்தணும்.'

எப்போது எழுதினாய் அதை? பரீட்சைக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால், நான் தோற்றால் ஜாவா வகுப்பு உனக்கு மட்டும்தான் என்று கணக்குப் போட்டாயா? பின்னால் என்றால், அதன் பிறகு எத்தனை தீபாவளி வந்தது? 'மச்சான், அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்' என்று சொல்ல எந்த ஸ்கிரீனில் யாரிடம் சம்மதம் கொடுத்திருந்தாய்? அது தேர்வுக் கேள்வியா? உன் தப்பு அல்லவா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆபீசிலேயே விழுந்தவனிடம் இதைக் கேட்பது அழகில்லை என்பார்கள். அழகாக எழுதத் தெரிந்தவர்கள் இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நேற்று கல்யாணி போன் பண்ணினாள். "எண்ணே, பிள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிடல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு, வேற ஆளைப் பாக்கலாம்." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. உன் மேல் இருக்கிறதை யார் தலையில் இறக்கி வைக்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு வரச் சொல் என்றேன்.

உனக்காக இல்லை. அதை நன்றாக மனதில் வைத்துக்கொள். உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கிற வாக்கு வேறு. மீனாவுக்கு நானும் எதையாவது தப்பாகச் சொல்லிக்கொடுப்பேன், எனக்கும் வயசாகிறது. தெரிந்த அந்த நிமிஷமே, பஸ் பிடித்தாவது உன் வீட்டுக்கே வந்து, அவள் முன்னால் நின்று, "மக்களே மீனா, மாமன் தப்பாச் சொல்லிட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்வேன்.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
ஆறுமுகம்