அம்மாவின் குரலில் கரகரப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது என்றுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஸ்பீக்கர்களைக் காரில் மாட்டுவதற்கு முன், மேஜையில் வைத்து ஓடவிட்டுப் பார்ப்பது கடையில் என் வேலை. மற்றவர்கள் பாட்டுப் போடுவார்கள். நான் அம்மா என்னைத் திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போடுவேன். அந்தக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமே.

நேற்று அது கரகரத்தது. மூன்று ஸ்பீக்கர்களை மாற்றியும் அப்படியேதான். மூன்றும் பழுது என்று ஒதுக்கிவைத்தேன். மேஸ்திரி வந்து கேட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தானேப்பா இருக்கு? உங்கம்மா கணீர்னு திட்டுறாங்க."

நானும் சிரித்து வைத்தேன். அவர் போனதும் வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். கரகரப்பே இல்லை. இடது காதைப் பொத்தினேன். கரகரப்பு மட்டும்தான் இருந்தது.

சளியாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன், உங்களுக்கு முதலில் எந்தக் காது போனது? அப்போது உங்களுக்கு என்ன வயது?

பீரோவில் கிடக்கும் உங்கள் பழைய காது மிஷினை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மேஸ்திரி வலப்பக்கம் நின்று என் தோளைத் தொடுகிறார். வெகுநேரமாகக் கூப்பிடுகிறாராம்.

உங்கள் மகன்