கால் அங்குலம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இரண்டு வருடமாக அந்த ஆவலைக் காட்டாதவள் இன்றைக்குத் திடீரென்று காட்டினால் உங்களுக்கே சிரிப்பு வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் மதிப்பெண் போட ஆரம்பித்துவிட்டேனாம். அதைத் தாங்க முடியாமல் என் மகன், அதாவது உங்கள் மாப்பிள்ளை, என்னை இங்கே துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்துவிட்டான். பயப்பட வேண்டாம், எந்த உயிருக்கும் ஆபத்தில்லை. ஓர் எந்திரம் மண் தட்டுகளை ஆகாயத்தில் வீசும். பறக்கும்போதே அதைச் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளாகச் சிதறும் ரவைத் தோட்டாவால் உடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. நான் உடைப்பது மூன்று. முப்பத்தொரு வருடம் தலைமையாசிரியையாக இருந்தவள் இப்போது நூற்றுக்குப் பன்னிரண்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மே முப்பத்தொன்றாம் தேதி தேர்வு. பத்துத் தட்டையாவது உடைக்காத புது ஆட்களைக் கிளப்பிலிருந்து நீக்கிவிடுவார்களாம். என் வாழ்க்கையில் நான் எதிலும் பெயிலானதில்லை, இந்த வயதில் தொடங்குவதாகவும் இல்லை.

கிளப்பில் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சொன்னார்: "உங்க கண்ணுல கோளாறு இல்லம்மா. துப்பாக்கி உங்க அளவுக்கு இல்ல. சட்டை மாதிரிதான் இதுவும்." அளந்து ஒரு தரம் சரி செய்தும் கொடுத்தார். அப்படியும் மூன்றுதான்.

அளவு என்றதும் உங்கள் நினைவு வந்தது. கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க என்னை அளந்தீர்களே, அந்த நோட்டு இருக்கும். என் கை நீளமும் தோள் அகலமும் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். அவை சரியான அளவுகள்தான் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி

பி.கு.: போன் செய்திருப்பேன். நாம் பேசினால் என் மகனும் உங்கள் பெண்ணும் காதைத் தீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை.


மார்ச் 11

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை வெட்டு மேசையில் விரித்து வைத்து மூன்று தரம் படித்தேன். என் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கை நீளம் இருபத்து மூன்று அங்குலம். தோள் பதினைந்து. கடைசி வரியில் நீங்கள் குத்தி வைத்திருந்த ஊசியையும் பார்த்தேன். தையல்காரிக்கு ஊசி புதிதில்லை.

இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். கல்யாண விருந்தில் ஜாக்கெட் இறுக்கிக் கையைத் தூக்க முடியாமல் நீங்கள் உட்கார்ந்திருந்ததையும், புது மருமகள் தம்ளரைப் பிடித்து உங்களுக்குத் தண்ணீர் புகட்டியதையும் உங்கள் வீட்டில் யார் வந்தாலும் நடித்துக் காட்டுகிறீர்களாம். எல்லோரும் சிரிக்கிறார்களாம். என் பெண்ணும் சிரித்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுகிறாள். அந்தக் கதை என் கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. பத்து வருட வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். இதைச் சொல்லாமல் அளவை மட்டும் எழுதினால் எனக்கு ஆறாது.

சொல்லியாகிவிட்டது. இனி உங்கள் விஷயம். எனக்குத் துப்பாக்கியில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனால் பொருந்தவில்லை என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அளவெடுத்த விதத்தில்தான் இருக்கும். மீசை அளந்தபோது நீங்கள் என்ன உடுத்தியிருந்தீர்கள், எப்படி நின்றீர்கள், சுடும்போது எப்படி நிற்கிறீர்கள், விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெண் வீட்டுச் சம்பந்தி


மார்ச் 19

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். வாடிக்கையாளர்கள் போன விஷயம் எனக்குத் தெரியாது. வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் இப்போது என்ன எழுதுவது என்று தெரியவில்லை, யோசிக்கிறேன்.

கேட்டதற்குப் பதில். அளந்த அன்று மெல்லிய பருத்திச் சட்டை போட்டிருந்தேன். நிமிர்ந்து, முகவாயை உயர்த்தி, ஒழுங்காக நின்றேன். சுடும்போது மேலே பஞ்சு வைத்த தடிமனான கோட்டு ஒன்று போடுவோம், தோளில் இடிக்காமலிருக்க. எப்படி நிற்கிறேன் என்பது எனக்கே தெரியாது. தட்டு பறக்கும்போது நம்மை நாம் எங்கே பார்ப்பது?

துப்பாக்கியின் பின்பக்கம் மரக்கட்டை. அதில் கன்னம் படுகிற இடத்தைத் திருகாணியால் ஏற்றலாம், இறக்கலாம். தோளில் படுகிற முனையில் தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ நீளத்தை மாற்றலாம். நம் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ரவை மேலேயோ கீழேயோ போகும் என்கிறார் மீசை.

எங்கே போகிறது என்று பார்க்க ஒரு பலகை இருக்கிறது. பதினாறு கஜ தூரத்தில் ஒரு வெள்ளைத் தாள், நடுவில் கறுப்புப் புள்ளி. நின்று நிதானித்துக் குறி பார்க்கக் கூடாது. தூக்கின வேகத்தில் சுட வேண்டும், ஐந்து முறை. நான் சுட்ட தாளை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். பார்த்துச் சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

விசித்திரம் என்னவென்றால், மீசை பக்கத்தில் வந்து நின்று பார்க்கும்போதெல்லாம் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் போனதும் கெட்டுவிடுகிறது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பிள்ளைகள் கைகட்டி உட்காருவார்களே, அந்த மாதிரி.

மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. தாளை மேசையில் போட்டுத் துணியை மடிப்பதுபோல் புள்ளி வழியாக நான்காக மடித்து, பிரித்து, மடிப்பின் மேல் சாக்குக் கட்டியால் கோடு போட்டேன். ஓட்டைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தைச் சுற்றியும் ஒரு வட்டம். இடமோ வலமோ போகவில்லை. நேர் கீழே, நாலு அங்குலம். தட்டு மேலே போகிறது, உங்கள் ரவை அதற்கு அடியில் போகிறது. பாவம், அந்தத் தட்டுக்கு நீங்கள் சுட்டதே தெரிந்திருக்காது.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் வருகிற நாள் என்று. அளக்கும்போது போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றிருக்கிறீர்கள். கன்னம் கட்டையில் பட்டும் படாமலும் இருந்திருக்கும். மீசை அந்தச் சம்பந்தியம்மாவுக்குக் கட்டையைச் சரி செய்து கொடுத்தார். சுடுவது வேறு சம்பந்தியம்மா. அந்த அம்மா முன்பக்கமாகக் குனிந்து கட்டையில் கன்னத்தை அழுத்துகிறார், கண் கீழே இறங்கிவிடுகிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் டேப்பைக் கையில் எடுத்தால் கடைக்குள் இருக்கிற அத்தனை பேரும் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். துணி வாங்க வந்த புருஷன்மார்களும்தான்.

செய்ய வேண்டியது இது. கோட்டுப் போட்டுக்கொண்டு களைத்துப் போகிற வரைக்கும் சுடுங்கள். மீசை உங்களுக்குத் தெரியாமல் ஒளிந்து நின்று பார்க்கட்டும். பிறகு கணக்கு. கண்ணிலிருந்து குழல் நுனி ஏறக்குறைய ஒரு கஜம். பலகை பதினாறு கஜம். அங்கே நாலு அங்குலம் என்றால் இங்கே அதில் பதினாறில் ஒரு பங்கு. கன்னக் கட்டையைக் கால் அங்குலம் உயர்த்தச் சொல்லுங்கள். கோட்டின் தடிமனை ஈடுகட்ட, தோளில் படுகிற முனையில் ஒரு தகட்டை எடுக்கச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொள்ளலாம், பழக்கம்தானே.

பெண் வீட்டுச் சம்பந்தி


ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தி,

பதினான்கு. இருபத்தைந்துக்குப் பதினான்கு.

மீசை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார். வெளியே வந்தவர், "இத்தனை நாளா வேற யாரையோ அளந்திருக்கேன்மா" என்றார். திருகாணியைத் தளர்த்திக் கால் அங்குலம் ஏற்றினார், தகடு ஒன்றைக் கழற்றினார். பலகையில் ஐந்து முறை சுட்டேன். புள்ளி இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு ரவை. அதன்பின் தட்டுகள் உடைய உடைய எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆகாயத்தில் ஒரு பொருள் தூளாவதில் இத்தனை ஆனந்தம் இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சீக்கிரமே ஓய்வு வாங்கியிருப்பேன். துப்பாக்கியையே பார்க்காத தையல்காரி தபாலில் சரி செய்தாள் என்று கிளப்பில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே. உங்கள் கடைக் கண்ணாடி முன்னால் நான் நின்றது நினைவு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா குண்டு என்று பெண் வீட்டில் நினைத்துவிடுவார்களோ என்று, டேப் என்னை விட்டுப் போகிற வரைக்கும் நான் மூச்சே விடவில்லை. ஆக, தப்பு என்னுடையது. இரண்டு வருடம் உங்களை வைத்துச் சிரித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி குடும்பம் உட்பட எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன்: "அந்த ஜாக்கெட்டுல தப்பு தைச்சவங்க மேல இல்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என் மேலதான். இனிமே யாரும் அந்தக் கதையச் சொல்லிச் சிரிக்கக் கூடாது." உங்கள் பெண் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

என்னை மன்னித்துவிடுங்கள். மே முப்பத்தொன்றாம் தேதி தேர்வுக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 28

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாளாகிறது. இந்த நாலு நாளில் மூன்று துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

மூச்சைப் பிடித்தால் ஒரு அங்குலம் குறையும். மிஞ்சிப் போனால் ஒன்றரை. உங்கள் ஜாக்கெட்டில் குறைந்தது நாலு அங்குலம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே நோட்டைத் திறந்து பார்த்தேன். உங்கள் சுற்றளவை முப்பத்தெட்டு என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். எதிர்ப் பக்கத்தில் நீச்சல் பழகும் ஒரு சின்னப் பெண்ணின் அளவு, முப்பத்து நான்கு. கல்யாண அவசரத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்து வெட்டியிருக்கிறேன். தப்பு என்னுடையது. அன்றிலிருந்தே எனக்குத் தெரியும்.

சொல்லியிருக்கலாம். சம்பந்தியின் ஜாக்கெட்டையே கெடுத்தவள் என்ற பெயர் வந்தால் கடை என்ன ஆகும் என்று முதலில் பயந்தேன். பிறகு உங்கள் கதை பரவியதும், அநியாயமாகப் பேச்சு வாங்கியவள் என்று எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். அது சௌகரியமாக இருந்தது. மூச்சைப் பற்றி எழுதியது பொய்யில்லை. ஆனால் எழுதும்போதே உங்களை எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் எழுதினேன். நீங்கள் அதைப் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வீர்கள் என்று மட்டும் தெரியாது.

நான் வந்து உங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் தேர்வுக்கு நான் வரலாமா வேண்டாமா என்று ஒரு வரி எழுதுங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பெண்ணின் அம்மா


மே 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் இனி நீ என்றுதான் எழுதப்போகிறேன்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி நீ எழுதிய கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. தபால்காரரையும் விசாரித்தேன், தெரியாது என்கிறார். அதில் என்ன எழுதியிருந்தாய் என்று என்னால் ஊகிக்கக்கூட முடியவில்லை. திரும்ப எழுதி அனுப்பினால் அதுவும் வந்து சேராது. இங்கே தபால் அந்த லட்சணத்தில் இருக்கிறது.

நேற்று முன்தினம் பூராவும் எனக்குக் காரணமே இல்லாமல் பயங்கரக் கோபம். உன் மாப்பிள்ளை என் பக்கமே வரவில்லை. சாயங்காலம் கிளப்புக்குப் போய் ஐம்பது தோட்டா சுட்டேன். முதல் சுற்றில் பதினாறு, அடுத்ததில் பதினெட்டு. கோபமும் வந்தது போலவே காரணமில்லாமல் போய்விட்டது. மீசை, "இப்படியே தேர்வு அன்னைக்கும் கோபமா வாங்கம்மா" என்கிறார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று சொன்னேனே, அன்றைக்குச் சாயங்காலம் உன் பெண் எனக்குத் தலை வாரிவிட்டாள். இரண்டு வருடமாக என்னை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், வாரிக்கொண்டிருக்கும்போதே "கொஞ்சம் திரும்புங்கம்மா" என்றாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் சொன்னதை இனி யார் வந்து எந்த உண்மையைச் சொன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை. உனக்குப் பொறாமையாக இருந்தால் நேரில் வந்து சண்டை போடு.

முப்பதாம் தேதியே புறப்பட்டு வா. பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

உன் அக்கா