எக்காவின் கையும் என் வாயும்

என் தங்கமான எக்காவுக்கு,

ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தனும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று வேளிமலை சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். நீயாவது நம்பு.

முதலில் ஊர்ச் சேதி. நீ கண்ணை மூடி ஒரு வருஷத்துக்குள் நம்ம தக்கலை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. எல்லைக்கல்லை நான் ஒருத்தனே தோளில் சுமந்துபோய்க் களியக்காவிளையில் நட்டேன் என்று தங்கச்சி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

உனக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டதும் இதே பிள்ளைகள் அயனி மரத்தடியில் கூடுவார்கள். காதும் பேச்சும் இல்லாத நீ கையால் கதை சொல்வாய். உன் வாயாக நான் பக்கத்தில் நிற்பேன். நீ கையைத் தும்பிக்கையாக ஆட்டினால் ஒரு யானை. என் வாயில் அது ஏழாயிரம் யானையாகி, வட்டக்கோட்டையை விழுங்கி ஏப்பம் விடும். பிள்ளைகள் புரண்டு சிரிப்பார்கள். உன் கைக்குத்தான் அந்தச் சிரிப்பு என்று நீ பூரித்துப்போவாய்.

ஒரு நாள் யானையும் ராஜாவும் இல்லாமல் தொடங்கினாய். கைகளைத் தொட்டிலாக மடக்கி ஆட்டினாய். மூன்று விரல் காட்டினாய். பிறகு இரண்டு கைகளையும் வெறுமையாக விரித்தாய். பிள்ளைகளின் முகம் சுருங்கியது.

"மாமா, பெரியம்மை என்ன சொல்லுதா?" என்றாள் செல்லம்.

"அதுவா மக்கா? ராஜா மூணு பூசணிக்காயைத் தாலாட்டினாரு. மூணும் உருண்டு கிணத்துல போச்சு!"

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீ விரித்த கையை மடக்கவில்லை. அவர்களைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அதற்கப்புறம் நீ கதை சொல்லவேயில்லை. "எக்காவுக்குக் கைவலி" என்று நான்தான் சொல்லித் திரிந்தேன்.

நேற்று செல்லம் என் முன்னால் நின்று, உன்னைப்போலவே கையை மடக்கி ஆட்டினாள்.

"மாமா, பூசணிக்காய்க்கா பெரியம்மை அழுதா?"

"ஏட்டி, கண்ணுல தூசி விழுந்திருக்கும்."

"அப்போ இது என்னது?"

"அண்ணைக்கு எனக்கு விளங்கல்ல மக்கா."

ஏழாயிரம் யானையை நம்பின பிள்ளை, இதை நம்பவில்லை.

நாளைச் சாயங்காலம் எல்லாரையும் அதே மரத்தடியில் உட்கார வைப்பேன். வாயை மூடிக்கொண்டு, நீ செய்ததை அப்படியே கையால் செய்வேன். பிறகு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, அது மூன்றே நாள் உயிரோடிருந்த உன் பிள்ளை என்று சொல்வேன். என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

இத்தனை புளுகுக்கு நடுவே ஒரு சின்ன உண்மையும் உண்டு, எக்கா. நீ கையைத் தொட்டிலாக மடக்கியபோதே எனக்கு விளங்கிவிட்டது.

உன் கூடப்பிறந்த தம்பி,
தாணு