ஓசோன் பெட்டியும் செல்லத்தின் தாடையும்

மாசி 3, வியாழன்

காலையில் நல்ல பனி. கிழக்குக் காட்டில் மஞ்சள் வெட்டு ஆரம்பம். வருவதாகச் சொன்ன ஆள் பதினாலு, வந்தது ஒன்பது. மகள் வள்ளிக்குச் சிலேட்டு வாங்க மூன்றாவது நாளாக மறதி.

செல்லம் இன்றும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல், மிஞ்சினால் ஒரு "ம்". பூசத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை போலும். பெண்டாட்டிக்கு மட்டும்தான் கோபம் வருமா? நானும் பேசுவதில்லை. யார் முதலில் இறங்கி வருகிறார்கள், பார்ப்போம்.

மாசி 5, சனி

என் முட்டாள்தனத்தை எழுத வேண்டும்.

மண்வெட்டிப் பிடி முறிந்து, வேறு எடுக்க உச்சி வேளையில் வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் செல்லம், சுவரைப் பார்த்து. கையில் கம்பங்கூழ், மோர் விட்டு நீராகக் கரைத்தது. கன்னத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பல்லிடுக்கில் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர்.

"ஏனுங்க, இந்நேரத்துல ஊட்டுக்கு?" பல்லைத் திறக்காமலே கேட்டாள்.

"வாயத் தொற."

திறந்தது அவ்வளவுதான். ஒரு விரல் நுழையாது. பூசத்துக்கு மறுநாள் கொட்டாவி விட்டாளாம். காதுக்கு முன்னால் 'கடக்'. அன்றிலிருந்து இப்படி.

"சொல்லக் கூடாதா?"

"நீங்க கோவமா இருந்தீங்க."

நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அவள் உட்காருவாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவள் சாப்பிட்டாளா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்? எழுதும்போதே இது கேவலமான சமாதானம் என்று தெரிகிறது. வாய் திறக்க முடியாதவளிடம் வீறாப்புக் காட்டியிருக்கிறேன்.

மாசி 7, திங்கள்

முதல் பஸ்ஸில் சேலம். டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். மூன்று விரல் நுழைய வேண்டுமாம். "சோறு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் செல்லத்தைப் பார்த்தேன்.

மரப்பெட்டி, கரண்டு கம்பி, நுனியில் கண்ணாடிக் குழாய். திருகினால் குழாய்க்குள் ஊதா வெளிச்சம், சடசடவென்று சத்தம். காதுக்கு முன்னால் வைத்துத் தேய்த்தார். இடி விழுந்த பிறகு வருமே, அந்த வாசனை. அதுதான் ஓசோனாம். தாடை மூட்டு வீக்கம் வடியும் என்கிறார். எல்லாருக்கும் குணமாகும் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆறு தடவை வைத்துப் பார்ப்பது. அப்படியும் திறக்காவிட்டால் சென்னையில் மயக்கம் கொடுத்துத் திறக்க வேண்டும்.

செல்லம் என் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால். நான் அசையாமல் நின்றேன்.

டாக்டர் சொன்னவை: உப்பு ஒத்தடம் இரு வேளை. முறுக்கு, கரும்பு கூடாது. கொட்டாவி வந்தால் மோவாயைத் தாங்கவும். சாப்பிடும்போது வாய் எவ்வளவு திறக்கிறது என்று நான் பார்த்துத் தினம் குறிக்கவும்.

மாசி 8, செவ்வாய்

டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் வம்பு. நான் எதிரில் உட்கார்ந்தால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். என் அக்கா வேறு வந்திருந்தாள். "ஏஞ்சாமி, பொண்டாட்டி திங்கறத காவல் காக்கறயா? ஊரே சிரிக்கும்!" சிரிக்கட்டும்.

முடிவில் ஓர் ஒப்பந்தம். எனக்கு முதுகு காட்டி உட்காருவாள். வாயில் விரல் வைத்து அளந்து, அத்தனை விரலை முதுகுக்குப் பின்னால் நீட்டுவாள். இன்று ஒன்று.

மாசி 14, திங்கள்

மூன்றாம் தடவை. ஒன்றரை. மடக்கிய விரல் அரைக் கணக்கு. வள்ளிக்கு ஒரே சிரிப்பு. சிலேட்டு வாங்கியாயிற்று.

மாசி 17, வியாழன்

சேலத்தில் கரண்டு இல்லை. உச்சி வரை காத்திருந்து திரும்பினோம். பஸ் குலுக்கியதில் வலி அதிகம். மறுபடி ஒன்று.

"உட்டுருங்க. கூழு குடிச்சே காலத்த ஓட்டிக்கறேன். மஞ்ச வேவறப்ப நீங்க இங்க இருக்கோணும்."

"மஞ்ச கெடக்குது" என்றேன்.

வளையல் முழங்கை வரை ஏறுகிறது அவளுக்கு. பயமாக இருக்கிறது. அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். மேலே எழுத ஓடவில்லை.

மாசி 21, திங்கள்

இரண்டு! ஓசோனா, உப்பு ஒத்தடமா, தானாகவே விட்டதா, டாக்டருக்கே நிச்சயமில்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு கும்பிடு. நான் பக்கத்தில் இல்லாததால் முதல் கொப்பரை மஞ்சள் அதிகம் வெந்து குழைந்துவிட்டது. போகட்டும்.

மாசி 28, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. ஆறாம் தடவை முடிந்தது. இரண்டரை. "மீதி வந்தாலும் வரும், வராமலும் போகும். சென்னை வேண்டாம்" என்றார் டாக்டர். பஸ்ஸில் செல்லம் வழி நெடுகப் பேசினாள். ஆட்டுக்குட்டி, அக்காள், பஸ்காரன், எல்லாம்.

சாயங்காலம் அவளாகவே இரண்டு இலை போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். சோறு, பருப்பு. முதல் கவளத்துக்கு வாய் திறந்தது. மேல் வரிசையில், உள்ளே, ஒரு பல் இல்லை.

"எப்ப உழுந்துது?"

"வள்ளி வயித்துல இருந்தப்பங்க."

வள்ளிக்கு ஒன்பது வயது.

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலீங்களே." கோபமாகச் சொல்லவில்லை. மென்றுகொண்டே சொன்னாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

போட்டேன்.